சங்க வரலாறும் ஒரு தூக்குப்போசியும்

பீளமேடு,
12-9-1937

ஸ்ரீமதி குழந்தையம்மாள் அவர்களுக்கு, கிணற்றடி வீதி மாதர் கலா சங்கத்தின் காரியதரிசி தெய்வாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். தாராபுரத்தில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. வருகிற தை மாதத்தோடு நம் சங்கத்துக்கு ஏழு வருஷம் நிறைகிறது. ஆண்டு விழாவைத் தலைவி சென்னியம்மாள் அவர்கள் தம் வீட்டு மண்டபத்தில் நடத்தப்போகிறார்கள். அன்றைக்குச் சங்கத்தின் வரலாற்றைச் சிறு புஸ்தகமாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் மூன்று வருஷத்து நோட்டுப் புஸ்தகத்தைக் கரையான் தின்றுவிட்டபடியால், தேதிகள் தங்களுக்குத்தான் நினைவிருக்கும். சங்கம் தொடங்கியது எந்தத் தேதி, முதன்முதலாகக் கோயில் நோம்பியில் கும்மி அடித்தது எந்த வருஷம் என்று எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

முதல் பத்தி எழுதிவிட்டேன். தங்கள் பார்வைக்கு: "1931ஆம் வருஷம் தை மாதத்தில், கலையார்வம் மிக்க சில ஸ்திரீகள், ஆர்மோனியம் பயிலும் நன்னோக்கத்துடன் ஒன்றுகூடி, தெய்வத் திருவருளால் இச்சங்கத்தைத் தோற்றுவித்தனர்."

ஊர் மாறிப் போய் இரண்டரை வருஷமாகத் தாங்கள் ஒரு கார்டுகூடப் போடாததற்கு வேலை மிகுதியே காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெய்வாத்தாள், காரியதரிசி


தாராபுரம்,
19-9-1937

தெய்வாத்தாக்கா,

ஸ்ரீமதியாம், தாங்களாம், நிற்கவாம். எங்கள் வீட்டுக்காரர் கவரைப் பிரித்து இரண்டு வரி படித்துவிட்டு, கோர்ட்டிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று பயந்து என்னிடம் நீட்டினார். நீங்களும்தான் இரண்டரை வருஷமாக ஒரு கார்டு போடவில்லை. அதற்கும் வேலை மிகுதிதானே காரணம்?

கலையார்வம் மிக்க சில ஸ்திரீகள் என்பது யார் அக்கா? நீங்களும் நானுமா? ஆர்மோனியத்தில் எந்தப் பக்கம் காற்று அடிப்பது என்றே நம் இரண்டு பேருக்கும் தெரியாது. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் பெட்டி அது. எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து பஞ்சுக் கிடங்கில் போட்டிருந்தார். புதுப் பஞ்சு வருவதற்கு முன்னால் தை மாதம் கிடங்கு காலியாகக் கிடக்கும் அல்லவா? தலையணைக்குப் பஞ்சு வாங்கப் போகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு நீங்கள் வந்தீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் காற்றடித்தேன், நீங்கள் கட்டைகளை அமுக்கினீர்கள். மூலையில் பஞ்சுத் தூசி கூட்டிக்கொண்டிருந்த பாப்பாயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, அந்தப் பொட்டிக்குள்ள ஆட்டுக்குட்டி ஏதாச்சும் மாட்டிக்கிச்சுங்களா" என்று கேட்டாள்.

அதன் பிறகு நடுவில் வந்து நின்று ஒரு கும்மி பாடினாள். கிடங்குச் சுவர் நாலும் திருப்பிப் பாடிய மாதிரி இருந்தது. நமக்குக் கை தட்டக்கூட ஒழுங்காக வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை ஏழு பேர் வந்தோம், அதற்கடுத்த வியாழன் பதினான்கு பேர். ஆர்மோனியம் அன்றோடு சரி. சந்தகைத் தட்டு வைக்கத்தான் உதவியது. அவித்த அரிசி மாவை நீங்களே சந்தகையாகப் பிழிந்துவிட்டு, "உப்புக் கம்மி" என்று நீங்கள் சொல்லாத வியாழன் ஒன்று உண்டா?

தேதி கேட்டீர்கள். 1931 ஜனவரி 29, தை மூன்றாவது வியாழன். மாரியம்மன் நோம்பியில் கும்மி அடித்தது அதற்கடுத்த வருஷம். இரண்டுக்கும் முன்பாட்டுப் பாடியது பாப்பாயி. உங்கள் வரலாற்றில் அவள் எந்தப் பக்கத்தில் வருகிறாள்? ஆளை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

குழந்தை


பீளமேடு,
3-10-1937

குழந்தை அம்மணிக்கு,

"தாங்கள்" போடுவதை விட்டுவிட்டேன். எழுதும்போது எனக்கே நெஞ்சில் முள் குத்தின மாதிரிதான் இருந்தது. உன் கடிதத்தில் ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் சிரித்தேன். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். கடைசி வரி வந்ததும் கோபம் வந்துவிட்டது.

நான் ஏதோ பாப்பாயியை விரட்டிவிட்டேன் என்கிற மாதிரி கேட்கிறாய். நடந்ததை நினைத்துப் பார். நாலாம் வருஷ விழாதான் முதன்முதலாகச் சென்னியம்மாள் வீட்டு மண்டபத்தில் நடந்தது. டவுனிலிருந்து வக்கீல் வீட்டு அம்மாள் ஒருவர் விருந்தாளியாக வந்தார். கிடங்கில் நாம் எல்லோரும் சாக்கை விரித்து ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே யாருக்கும் "ங்க" போடாமல் பேசக்கூடாது என்று நாமே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம், பாப்பாயிக்கும் போட்டோம். அது கிடங்கு, மண்டபம் வேறு. அவள் சாலைக்கு அந்தப்புறத்து மேற்கு வளவுக்காரி, பண்ணையத்தில் உழைக்கிற குடும்பத்துப் பெண். பந்தியில் யாராவது அவளைப் பார்த்து அப்பால் போ என்று சொல்லிவிட்டால் அந்த மனசு என்ன பாடுபடும்? அப்படி ஒரு சொல் அவள் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன்.

அதனால்தான் முதல் நாளே சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பால் தனியாக எடுத்து, என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தூக்குப்போசியில் வைத்து, வண்டிக்காரர் கண்ணையாவிடம் கொடுத்தனுப்பினேன். "நாளைக்குக் கூட்டத்துல வந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க, உங்க பங்கு இந்தா இருக்குதுங்க" என்று சொல்லச் சொன்னேன். இதில் மரியாதைக்கு என்ன குறைச்சல்?

அன்றிலிருந்து அவள் வரவில்லை. போசியும் வரவில்லை. மூடியில் என் பேர் வெட்டின போசி அது. ஒரு நாளும் நான் திருப்பிக் கேட்கவில்லை. நீதான் விழாவில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "முன்பாட்டுக்காரிய ஊட்டுல உக்கார வெச்சுபோட்டு இங்க என்னத்துக்குக் கும்மி" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாய். அந்த வருஷம் முழுக்கத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

தெய்வாத்தாள்


தாராபுரம்,
10-10-1937

அக்கா,

கொலுவுக்கு வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தாயிற்று.

உங்கள் ஆட்கள் ஒருவரை வாசலுக்கு வெளியே தள்ளும்போதும் வாங்க போங்க என்றுதான் தள்ளுவீர்கள். தெலுங்கு வீட்டில் பிறந்த நான் இதைப் பீளமேட்டில் இருபது வருஷம் பார்த்திருக்கிறேன். "சிரமப்பட வேண்டாமுங்க." அக்கா, பஞ்சு மூட்டையை முதுகில் சுமக்கிறவளுக்குக் கும்மி அடிப்பதிலா சிரமம்? யாராவது அப்பால் போ என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தீர்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பாப்பாயி வரக்கூடாது என்று சென்னியம்மாள் உங்களிடம் சொன்னார்களா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

இன்னொன்று. புஸ்தகத்தில் அவள் பேர் இல்லையென்றால் என் பேரும் வேண்டாம். சில ஸ்திரீகளில் ஒருத்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை


பீளமேடு,
24-10-1937

குழந்தை அம்மணிக்கு,

இல்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது. சென்னியம்மாள் வாயே திறக்கவில்லை. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நானாக நினைத்து, நானாக முடிவு செய்து, நானாகச் சந்தகை பிழிந்தேன். மூன்று வருஷமாக மண்டபத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ கேட்ட பிறகுதான் எனக்கே அது முழுசாகத் தெரிகிறது. போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். விழாவில் நீ நியாயம் பேசினாய், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போகிற வரைக்கும் உனக்கு ஐந்து மாசம் இருந்தது. உங்கள் கிடங்கிலிருந்து மேற்கு வளவு கூப்பிடு தூரம். ஒரு நாளாவது பாப்பாயி வீட்டுக்குப் போனாயா? போயிருந்தால் சொல், அங்கிருந்தபடியே என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அச்சுக்கூடத்துக் குமாரசாமி எழுத்துப் பிரதி எப்போது வரும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். என்னிடம் அந்த முதல் பத்தியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையும் நேற்று கோடு போட்டு அடித்துவிட்டேன்.

தெய்வாத்தாள்


தாராபுரம்,
1-11-1937

அக்கா,

போகவில்லை.

எனக்கும் இதை எழுதப் பிடிக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பேசிவிட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஊர் மாற்றம், மூட்டை கட்டுகிற வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பஞ்சு பாக்டரி வாசலில் இரண்டு தரம் அவளைப் பார்த்தேன். அவள் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். அவளைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதனால்தான் இரண்டரை வருஷமாக விடாமல் அதையே செய்துகொண்டிருந்தேன்.

நீங்கள் போய்ப் பாருங்கள், அக்கா. எனக்கும் சேர்த்துப் போங்கள். தீபாவளிக்குப் பட்சணம் எதுவும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். போன தரம் பலகாரம் போய்த்தான் இத்தனையும்.

குழந்தை


பீளமேடு,
25-11-1937

குழந்தை அம்மணிக்கு,

போய்விட்டு வந்தேன்.

சாலையைத் தாண்டி மேற்கு வளவுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் மட்டும் எடுத்துப் போனேன். என்னைக் கண்டதும் பாப்பாயி கயிற்றுக் கட்டிலை இழுத்து வாசலில் போட்டுவிட்டு நின்றுகொண்டார். "நீங்களும் உக்காருங்க" என்றேன். கொஞ்சம் என்னையே பார்த்துவிட்டு அதே கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

நாம் இல்லாமல் அவர் பாட்டு நின்றுபோகவில்லை, அம்மணி. அந்த வளவில் நாற்பது பெண்கள் கும்மி அடிக்கிறார்களாம். காங்கேயத்திலிருந்துகூட நோம்பிக்குக் கூப்பிட்டார்களாம். "எங்க கும்மி நல்லா நடக்குதுங்க, உங்க கும்மி எப்படி இருக்குதுங்க" என்று விசாரித்தார். நடக்கிறது என்றேன்.

வீட்டுக்குள் சுவரில் ஒரு ஆணியில் என் போசி தொங்கிக்கொண்டிருந்தது. புளி போட்டுத் தேய்த்து அப்படி வைத்திருக்கிறார். என் வீட்டில் இருந்த காலத்தில் அது ஒரு நாளும் அப்படி மின்னியதில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்களுதுதானுங்க. நான் ஒண்ணும் எடுத்து வெச்சுக்கலீங்க. ஒருத்தர் ஊட்டுப் பாத்தரத்த வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாதில்லீங்களா. எதையாச்சும் போட்டுத்தான அனுப்போணும். எங்க ஊட்டுல ஆக்குனத நீங்க திங்கமாட்டீங்க. அதனால அது இங்கயே இருக்குதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வராது என்கிற மாதிரி சொன்னார். நான் அழுதுவிட்டேன். அழுததை உனக்கு மறைக்க விரும்பவில்லை. அவர் அழவில்லை, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

பிறகு புஸ்தகத்தைப் பற்றிச் சொன்னேன், உன் பேரையும் சொன்னேன். "எம் பேரு வரோணும்னு ஆசையெல்லாம் இல்லீங்க. போடறதுன்னா நான் ஏன் வராம நின்னேன்னும் போடோணும். பாதியப் போட்டா அது பொய்யாப் போயிருமுங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். அதைப் படிக்கும்போது அவர் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டுமாம். "வாரப்ப போசியவும் கொண்டாந்துருவேனுங்க" என்றார். அதற்குள் என்ன இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்விட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் இது. முதலாவது தலையணைப் பஞ்சு.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மணி.

தெய்வாத்தாள்


தாராபுரம்,
5-12-1937

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வருஷம், வாரம் தவறாமல் வியாழன். நீங்கள் பிழிந்த சந்தகை, நான் செய்த புளிசாதம், மற்றவர்கள் கொண்டுவந்த கடலை உருண்டை, எல்லாவற்றையும் பாப்பாயியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கையால் சமைத்தது ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறோமா? ஒரே வரிசையில் உட்கார வைத்ததையே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டோம். கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. அவரும் ஒரு நாளும் கொண்டுவரவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

புஸ்தகத்தை நீங்கள் எழுதிவிடுவீர்கள். அந்தத் தைரியம் உங்களுக்கு வந்துவிட்டது என்பது எழுத்திலேயே தெரிகிறது. என் கேள்வி வேறு. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அந்தப் போசியைத் திறந்தால் நீங்கள் சாப்பிடுவீர்களா? மாமியார் இருப்பார், சொந்தக்காரப் பெண்கள் இருப்பார்கள். நாளைக்கு ஒரு சீர், ஒரு கல்யாணம் என்று வந்தால் உங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாலும் சொல்வார்கள். நான் தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடுங்கள் என்று எழுதினால், மறுபடியும் தூரத்திலிருந்து நியாயம் பேசினவளாகிவிடுவேன். அதனால் எழுதமாட்டேன்.

வர வேண்டும் என்று எனக்கு உயிர் துடிக்கிறது. ஆனால் என் மூத்தவள் பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள், தையில்தான் நாள். அவளை விட்டு நகர முடியாது. புஸ்தகத்தில் என்னைப் பற்றி எழுதும்போது நானும் போய்ப் பார்க்கவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் குழந்தை


பீளமேடு,
21-1-1938

குழந்தை கண்ணுக்கு,

நேற்று விழா முடிந்தது. ஆதியிலிருந்து சொல்கிறேன், அவசரப்படாதே.

மார்கழி பிறந்ததும் எழுத்துப் பிரதியைச் சென்னியம்மாளிடம் கொண்டுபோய்ப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் பிரதியை வாங்கி மூடி வைத்தார்கள். பிறகு, "கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பனோ எனக்கே தெரியாது, தெய்வாத்தா. வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேக்கவே இல்லியே. எம் வாயில வராத சொல்ல எம் பேருல செஞ்சுபோட்டயே" என்றார்கள். "அச்சுக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அச்சுக்கூடத்துக் குமாரசாமி இரண்டாம் பத்தியைச் சுற்றிக் கோடு போட்டு, "இது தவறுதலாகச் சேர்ந்துவிட்டதா?" என்று கேட்டு அனுப்பினார். தவறுதான், அச்சடிக்கவும் என்று எழுதினேன்.

புஸ்தகம் உனக்குத் தனியாக வருகிறது. ஆனாலும் அந்த இரண்டு பத்தியை இங்கேயே எழுதுகிறேன்.

"1931ஆம் வருஷம் ஜனவரி 29ஆம் தேதி வியாழக்கிழமை, பஞ்சுக் கிடங்கு ஒன்றில், ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாத இரண்டு பெண்களைப் பார்த்துப் பாப்பாயி சிரித்தார். அன்றைக்கு அவர் பாடிய கும்மியில் இச்சங்கம் தொடங்கியது. நான்கு வருஷம் முன்பாட்டுப் பாடியவர் அவரே.

"நான்காம் ஆண்டு விழாவுக்கு அவர் வரவில்லை. காரியதரிசி தெய்வாத்தாள் அவருக்குரிய பலகாரத்தை முன்தினமே வீட்டுக்கு அனுப்பி, அவர் வராதபடி செய்துவிட்டார். இதை யாரும் சொல்லிச் செய்யவில்லை, தாமாகவே செய்தார். குழந்தையம்மாள் அதைக் கண்டித்தார். ஆனால் அவரும் பாப்பாயியைப் போய்ப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் சங்கம் கும்மி அடித்தது. முன்பாட்டு சரியாக இல்லை."

மண்டபம் நிறைந்திருந்தது. பாப்பாயி முன்வாசல் வழியாக வந்தார். நல்ல சேலை கட்டி, கையில் போசியோடு வந்து, நேராக முன் வரிசையில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார். நான் படிக்க எழுந்தேன். என் பேர் வந்த இடத்தில் மாமியார் பின்னாலிருந்து "ஏ புள்ள" என்றது கேட்டது. நிறுத்தாமல் படித்தேன். முன்பாட்டு சரியாக இல்லை என்ற இடத்தில் யாரோ ஒருத்தி "ஆமா" என்று சொல்லிவிட்டாள், சிரிப்பு வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படித்து முடித்ததும் பாப்பாயி எழுந்து வந்து போசியை என் கையில் கொடுத்தார். "உங்க பாத்தரமுங்க" என்றார். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். சந்தகைதான். மேலே எள்ளுப் பொடி தூவியிருந்தார். அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. வாழையிலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே கையால் எடுத்து வாயில் போட்டேன்.

குழந்தை, நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறாய்? நல்ல வார்த்தை ஒன்று சொல்ல வேண்டும் என்று ஒரு மாசமாக யோசித்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்துபோய், "உப்புக் கம்மிங்க" என்று வாயில் வந்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. பாப்பாயி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கிடங்கில் ஆர்மோனியத்தைக் கேட்டுச் சிரித்தாரே, அதே சிரிப்பு. "மூணு வருசமாச்சு, இன்னும் இந்த நாக்கு மாறுலீங்களா" என்றார். சென்னியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "எங்க, பாக்கலாம்" என்று ஒரு கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது, இவளுக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு" என்றார்கள். பிறகு உப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே பத்துப் பேர் வந்தார்கள். நாலு பேர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள், அதில் இரண்டு பேர் என் சொந்தம். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கும்மி அடித்தோம். முன்பாட்டு சரியாக இருந்தது.

மாமியார் சாப்பிடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் போசியை வாசலிலேயே வைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தேச்சு வெச்சிருக்கறா" என்று அடுப்படிக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை நாங்கள் மேற்கு வளவுக்குக் கும்மிக்குப் போகிறோம், அவர்கள்தான் கூப்பிட்டார்கள். போசியை வெறுமனே எடுத்துக்கொண்டு போக முடியாது. என்ன செய்து எடுத்துப் போகட்டும் என்று எழுது. மூத்தவள் எப்படி இருக்கிறாள்?

உன் அக்கா,
தெய்வாத்தாள்


தாராபுரம்,
23-1-1938

தெய்வாத்தாக்கா,

பெண் குழந்தை. தாயும் சேயும் நன்றாக இருக்கிறார்கள். பிறந்ததும் போட்ட சத்தத்தைக் கேட்டால் முன்பாட்டுக்கு ஆள் தயார் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தைக் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே மகளுக்கு வாய்விட்டுப் படித்தேன். உப்பு வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. சிரிப்பா அழுகையா என்று அவள் கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

வியாழக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று இன்றைய தபாலிலேயே போடுகிறேன். போசிக்குள் கச்சாயம் சுட்டு வைத்து எடுத்துப் போங்கள். வெல்லப் பலகாரத்தில் உப்புத் தகராறு வராது.

பங்குனியில் மகளை அனுப்பி வைத்துவிட்டுப் பீளமேட்டுக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேராக மேற்கு வளவுக்குப் போய், பாப்பாயி என்ன ஆக்கியிருக்கிறாரோ அதைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். புஸ்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது எனக்கென்று ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள்.

குழந்தை